தறி வீட்டுத் திண்ணையில் ஆங்கில வீட்டுப்பாடம்

ஆங்கில இலக்கணப் பயிற்சியில் வாக்கியத்தைச் செயப்பாட்டு வினைக்கு மாற்றச் சொல்வார்கள். ‘நெசவாளர் புடவை நெய்கிறார்’ என்பது கொடுத்த வாக்கியம் என்று வைத்துக்கொள்வோம். ‘புடவை நெசவாளரால் நெய்யப்படுகிறது’ என்பது விடை. ஆரணிப் பக்கம் தேவிகாபுரத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே இதை எழுதும் பிள்ளை, இப்படி ஒரு வாக்கியத்தை வீட்டில் ஒருவர் வாயிலும் கேட்டிருக்காது. அப்பா நெய்வார். முடிந்ததும் ‘புடவை அறுத்தாச்சு’ என்பார்கள். ‘நெய்யப்படுகிறது’ என்று அங்கே யாராவது பேசினால் கேட்பவர் சிரித்துவிடுவார்.

அதனால் அந்தப் பிள்ளைக்கு ‘பேசிவ் வாய்ஸ்’ என்பது ஒரு குறுக்கெழுத்து விளையாட்டு. கடைசிச் சொல்லை முன்னுக்குக் கொண்டு வா, நடுவில் ஒரு துணைவினை போடு, ‘பை’ சேர், முதல் சொல்லைக் கடைசியில் தள்ளு. எதற்காக என்று கேட்டால் ‘கேள்வியில அப்படித்தான் கேட்டிருக்காங்க’ என்று பதில் வரும்.

ஆனால் ‘புடவை அறுத்தாச்சு’ என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அறுத்தது யார்? அப்பாவா, அண்ணனா, கூலிக்கு நெய்பவரா? வாக்கியம் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. புடவை கையில் வந்துவிட்டது, அதுதான் சேதி. செய்தவரை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் பேசுவதற்காகத்தான் ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினை இருக்கிறது. அந்த வேலையைத் தமிழ் பேச்சில் ‘ஆச்சு’ செய்துவிட்டுப் போகிறது. இதை ஒருவர் எடுத்துச் சொன்னால் பிள்ளைக்குப் புதிதாகக் கற்க மீதி இருப்பது வடிவம் மட்டுமே. காரணத்தை அது ஏற்கெனவே அறியும்.

ஆங்கில வீட்டுப்பாடத்துக்கு உதவுவது என்றால் என்ன என்பதைப் பற்றி நான் சொல்ல விரும்புவதெல்லாம் இந்த ஒரு உதாரணத்துக்குள் அடங்கும். பிள்ளையிடம் ஏற்கெனவே ஒரு முழு இலக்கணம் இருக்கிறது. அதைத் தொடாமல் தரப்படும் விடை உதவியே அல்ல.

தேவிகாபுரத்தை அறியாதவர்களுக்கு: திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணியைச் சுற்றிப் பட்டு நெய்யும் ஊர்களில் ஒன்று. ஊருக்குள் விஜயநகர காலத்துப் பெரியநாயகி அம்மன் கோயில், பக்கத்துக் குன்றின்மேல் கனககிரீசுவரர். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டுக்குப் பின்னால் இப்படிப்பட்ட ஊர்களின் வீடுகள் இருக்கின்றன. தறி வீட்டில் வேலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே சுவர் கிடையாது. அப்பா தறியில் என்றால் அம்மா தார் சுற்றுவாள். பாவு வந்தால் தெருவே நீளவாக்கில் வேலை செய்யும். பள்ளிவிட்டு வந்த பிள்ளை அந்த இடுக்கில்தான் நோட்டை விரிக்க வேண்டும். சந்தேகம் கேட்க வீட்டில் ஆங்கிலம் படித்தவர் பெரும்பாலும் இருக்கமாட்டார்.

இருக்கும் வழிகள் மூன்று. கைடு, டியூஷன், இப்போது கைப்பேசி. 2022ஆம் ஆண்டுக்கான ‘அசர்’ கல்வி நிலை அறிக்கை இந்தியக் கிராமங்களில் 1 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளில் 30.5 விழுக்காட்டினர் பணம் கொடுத்து டியூஷன் படிப்பதாகச் சொன்னது. 2018இல் இது 26.4 விழுக்காடு. கைப்பேசிக்கு அத்தனை செலவும் இல்லை. கேள்வியைப் படம் பிடித்தால் விடை வந்து விழுகிறது. மூன்று வழியும் தருவது ஒன்றைத்தான்: முடிந்த விடையை. கைடைத் திட்டுவது எளிது. தாய்மொழி இலக்கியத்துக்கே கோனார் உரை இல்லாமல் பள்ளி தாண்டாத தலைமுறைகள் நாம். அன்னிய மொழிக் கவிதைக்குப் பிள்ளை நோட்ஸ் தேடினால் கோபித்துக்கொள்ள நமக்கு யோக்கியதை குறைவு. தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் வேண்டும் என்ற நெருக்கடியில் மனப்பாட விடை பாதுகாப்பானது என்று பெற்றோர் நினைப்பதிலும் தவறில்லை.

ஆனால் மனப்பாடத்தைப் பற்றி நம் பழைய இலக்கண ஆசிரியர் ஒருவர் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். 13ஆம் நூற்றாண்டின் நன்னூலில், பவணந்தி முனிவர் மாணாக்கர்களைத் தரம் பிரிக்கிறார். அன்னமும் பசுவும் முதல் தரம். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடைத் தரம். சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கிளி? அதை மண்ணோடு சேர்த்து நடுவில் வைத்தார். கிளியைக் கடைசியில் தள்ளாத அந்தக் கனிவு எனக்குப் பிடிக்கும். ஒப்பித்தலுக்கு ஒரு மதிப்பு உண்டு, ஆனால் அதோடு நின்றுவிட்டால் நடுத்தரம்தான் என்கிறார்.

அதே நன்னூலில் கற்றலுக்கு ஒரு கணக்கும் இருக்கிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாலும் மாணவருக்குச் சேர்வது கால்பங்குக்கு மேல் இல்லை. உடன் படிப்பவர்களோடு பேசிப் பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருவது. நூல் நூற்பதையே நூல் எழுதுவதற்கு உவமையாக வைத்த இலக்கணம் அது. சொல்லைப் பஞ்சாகவும் புலவரை நூற்கும் பெண்ணாகவும் பாவித்தது. நெசவூரில் அதன் கணக்கை எடுத்துப் பேசுவது பொருத்தம்தான்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் டியூஷனும் கைடும் தருவது முதல் கால்பங்கின் மறுபதிப்பு. பள்ளியில் ஒருவர் சொன்னதை மாலையில் இன்னொருவர் சொல்கிறார். பிள்ளை வாய் திறக்கும் முக்கால்பங்கு அப்படியே காலியாகக் கிடக்கிறது.

தமிழ்நாட்டில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றிய பெரிய சோதனைகள் நடக்காமலில்லை. 1950களின் கடைசியில் சென்னை மாநிலம் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு ஓர் இயக்கம் நடத்தியது. தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிப்பது நோக்கம். பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்கு, அவர் அதற்கடுத்தவருக்கு என்று பெருகிக்கொண்டே போனதால் ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று பெயர் வாங்கியது. பனியே பார்க்காத ஊருக்குப் பனிப்பந்து. வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாக வாயில் ஏற்றுவது அதன் வழி. ‘திஸ் இஸ் எ புக், தட் இஸ் எ பென்’ என்று வகுப்பே சேர்ந்து கத்திய தலைமுறை அதில் வளர்ந்தது.

அந்த முறைமேல் ஐயம் எழுப்பிய சோதனையும் இங்கேதான் நடந்தது. பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் இருந்த என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் உள்ளிட்ட ஊர்களில் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் ஒரு திட்டத்தை நடத்திப் பார்த்தார். ‘பெங்களூர் புராஜெக்ட்’ என்று உலகம் அதை அறியும். கடலூரின் பெயர் பின்னால் போய்விட்டது. அவர் இலக்கணப் பயிற்சியை எடுத்துவிட்டார். பிள்ளைகளிடம் ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இத்தனை மணிக்குள் அங்கே சேர எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். வரைபடம், நாட்காட்டி, கணக்கு என்று யோசித்துத் தீர்க்க வேண்டிய புதிர்கள். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதுதான் இலக்கணம் தானாகப் படியும் என்பது அவர் கருத்து. ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் செய்த மதிப்பீடு 1985இல் வந்தது; திட்டத்துக்குச் சாதகம்தான், ஆனால் அடக்கி வாசித்த சாதகம். பிரபுவும் தன் வழியே வேதம் என்று சொல்லவில்லை. 1990இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே, சிறந்த முறை என்று ஒன்று கிடையாது, ஏன் என்று கேட்பதாக இருந்தது.

பரீட்சை தலைக்குமேல் தொங்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிரபுவின் வழியை அப்படியே தர முடியாது. கேள்வித்தாளில் ‘ரிப்போர்ட்டட் ஸ்பீச்’சுக்கு மாற்று என்று வந்தே தீரும். ஆனால் பொருளை முன்னால் வை, வடிவம் பின்னால் வரட்டும் என்ற அவருடைய வரிசையை எடுத்துக்கொள்ளலாம். பொருளை முன்னால் வைக்க வீட்டில் இருக்கும் ஒரே கருவி தமிழ்.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு சின்ன விஷயத்தைப் பார்க்க வேண்டும். தமிழில் ‘ஆர்ட்டிகிள்’ இல்லை, அதனால்தான் நம் பிள்ளைகள் ‘எ’, ‘தி’ இரண்டிலும் தடுமாறுகிறார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். பாதி உண்மை. கடைக்குப் போய்வந்த ஒருத்தி ‘புடவை வாங்கினேன்’ என்கிறாள். இன்னொருத்தி ‘புடவையை வாங்கினேன்’ என்கிறாள். முதலாமவள் ஏதோ ஒரு புடவை வாங்கினாள். இரண்டாமவள் வாங்கியது நமக்கும் தெரிந்த புடவை. போன வாரம் பார்த்து விலை பேசிவிட்டு வந்தாளே, அது. நடுவில் நுழைந்த ‘ஐ’ என்ற ஓர் எழுத்து அந்த வேறுபாட்டைச் செய்கிறது. ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘எ’ வரும், இரண்டாவதற்கு ‘தி’ வரும். எப்போதும் இப்படி ஒன்றுக்கு ஒன்று பொருந்தும் என்று சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்தேன் என்பதில் ‘ஐ’ வந்தே ஆகவேண்டும். எழுவாயில் அதற்கு இடமே இல்லை. ஆனாலும், ‘தெரிந்த பொருளா, தெரியாத பொருளா’ என்ற கேள்வியைத் தமிழ்ப் பிள்ளை பேசத் தொடங்கிய நாள் முதல் யோசிக்காமல் தீர்த்து வருகிறது. ‘தி’ பற்றிய பாடத்தைச் சூரியன், கங்கை, குதுப்மினார் என்ற பட்டியலில் தொடங்காமல் இந்த இரண்டு புடவைகளில் தொடங்கினால் என்ன?

‘ரிப்போர்ட்டட் ஸ்பீச்’ இன்னொன்று. புதன்கிழமை முதலாளி ‘நாளைக்குக் கூலி தரேன்’ என்றார். அதைச் சனிக்கிழமை யாரிடமாவது சொல்லும்போதும் நாம் ‘நாளைக்குக் கூலி தரேன்னு சொன்னாரு’ என்றே சொல்கிறோம். அந்த ‘நாளைக்கு’ வியாழன் என்பது கேட்பவருக்குப் புரியும். தமிழில் ‘என்று’ போட்டதும் பேசியவரின் கடிகாரம் அப்படியே நம் வாக்கியத்துக்குள் வந்துவிடும். ஆங்கிலம் திருப்பிச் சொல்பவரின் கடிகாரத்துக்கு நேரத்தை மாற்றிவிடுகிறது. ‘நாளை’ ‘மறுநாள்’ ஆவதும், ‘வில்’ ‘வுட்’ ஆவதும், ‘இங்கே’ ‘அங்கே’ ஆவதும் இந்த ஒரே காரணத்தால். கைடில் இவை எல்லாம் இரண்டு பத்தி அட்டவணையாகக் கிடக்கின்றன. யாருடைய கடிகாரம் என்று ஒரு கேள்வி கேட்டால் அட்டவணையில் பெரும்பகுதி தேவையில்லை.

‘கொஸ்டீன் டேக்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எல்லா வாக்கியத்துக்கும் நமக்கு ஒரே ‘இல்லையா’ போதும். அதனால்தான் எல்லாவற்றின் முடிவிலும் ‘இஸ்ன்ட் இட்’ போடுகிறோம்.

இலக்கணம் இவ்வளவு. இலக்கியத்தில் பிள்ளையின் பை இன்னும் கனமானது.

2019இல் பத்தாம் வகுப்பு மொழிப்பாடங்களின் இரண்டு தாள்களை ஒரே தாளாக்கினார்கள். பெருந்தொற்றால் 2020, 2021 இரண்டு ஆண்டும் பொதுத்தேர்வு இல்லாமலே எல்லோரும் தேர்ச்சி. அதனால் அந்த ஒரே தாளைப் பிள்ளைகள் முதலில் எழுதியது 2022 மே மாதம். அப்போது நடைமுறையில் இருந்த ஆங்கிலப் பாடநூலில் ருட்யார்ட் கிப்ளிங்கின் ‘இயந்திரங்களின் ரகசியம்’ என்ற கவிதை உண்டு. பம்பாயில் பிறந்து, 1907இல் நோபல் பெற்றவர் கிப்ளிங். அந்தக் கவிதையே முதலில் வெளிவந்தது ஒரு பாடநூலில்தான்: 1911இல் ஃபிளெட்சர் என்பவரோடு சேர்ந்து கிப்ளிங் எழுதிய, பள்ளிப் பிள்ளைகளுக்கான இங்கிலாந்து வரலாறு. கவிதையில் இயந்திரங்களே பேசுகின்றன. சுரங்கத்திலிருந்து எடுத்து உலையில் உருக்கி எங்களைச் செய்தீர்கள் என்கின்றன. தாம் செய்யும் வேலைகளை அடுக்கும்போது நெசவையும் சேர்த்துக்கொள்கின்றன. பிறகு எச்சரிக்கிறார்கள் அந்த இரும்புப் பேச்சாளர்கள்: எங்களுக்குப் பொய் புரியாது, அன்பு தெரியாது, இரக்கமும் மன்னிப்பும் கிடையாது.

இதற்கு வீட்டுப்பாடக் கேள்வி என்னவாக இருக்கும்? மோனைச் சொற்களை எடுத்தெழுது, இயைபுத் திட்டத்தை எழுது, என்ன அணி என்று சொல். ‘அலிட்டரேஷன்’ என்றால் என்ன என்று மனப்பாடம் செய்யும் பிள்ளை தமிழ் வகுப்பில் மோனையை வருஷக்கணக்காக எடுத்தெழுதி வருகிறது. ஆங்கிலப் பாட்டின் அடிமுடிவு ஒலி நம் இயைபு. எதுகைக்கு மட்டும் அங்கே ஈடில்லை. இரண்டு வகுப்புகளும் ஒரே சுவரின் இரு பக்கத்தில் நடக்கின்றன. சுவரில் கதவு வைக்க ஒருவரும் வருவதில்லை.

கவிதையின் நடுப்பொருள் தேவிகாபுரத்துப் பிள்ளைக்கு எட்டாததா? தறிமேல் ஜக்கார்டு இருக்கிறது. கோத்துத் தொங்கும் அட்டைகளில் எங்கே ஓட்டையோ அதற்கேற்பப் பாவு இழை எழும்பும், பூ விழும். 1800களின் தொடக்கத்தில் பிரான்ஸின் லியோன் நகரத்துப் பட்டு நெசவிலிருந்து வந்த ஏற்பாடு அது. அட்டையில் ஓர் ஓட்டை தப்பாக இருந்தால் தறி ‘ஐயோ பாவம், பூ கெட்டுவிடுமே’ என்று நிறுத்தாது. தப்பை ஒழுங்காக, ஒவ்வொரு முறையும், அதே இடத்தில் நெய்யும். புடவை முடிந்து விலை குறையும்போது அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அது. இயந்திரத்துக்கு மன்னிக்கத் தெரியாது என்ற வரியை இதைவிடக் கிட்டத்தில் எந்த மாணவர் அறிவார்? ஆனால் நோட்டில் அது எழுதுவது கைடில் உள்ள ‘இயந்திரங்கள் மனித மூளையின் குழந்தைகள்’ என்ற வாக்கியத்தின் நகல்.

அதே பாடநூலில் அல்போன்ஸ் தோதேயின் ‘கடைசிப் பாடம்’ கதையும் இருந்தது. 1870–71 போரில் பிரான்ஸ் தோற்று, அல்சாஸ் பகுதியின் பள்ளிகளில் இனி ஜெர்மன் மட்டும் என்று உத்தரவு வந்த நாளின் கதை. கதை தொடங்குவதே வீட்டுப்பாட பயத்தில்தான். ஆசிரியர் எச்சவினை விதிகளைக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார், சிறுவனுக்கு ஒன்றும் தெரியாது, பள்ளிக்குப் போகாமல் ஓடிவிடலாமா என்று நினைக்கிறான். பிறகு ஆசிரியர் ஹாமெல் யாரையும் அடிப்பதில்லை. குற்றத்தைப் பங்கு போடுகிறார். பிள்ளைகளைப் படிக்கவைக்காமல் நாலு காசுக்காக வயலுக்கும் மில்லுக்கும் அனுப்பிய பெற்றோருக்கு ஒரு பங்கு, மீன் பிடிக்கப் போக விடுமுறை விட்ட தனக்கு ஒரு பங்கு. ஆங்கில மொழிபெயர்ப்பில் வெறும் ‘மில்’ என்று இருப்பது தோதேயின் பிரெஞ்சில் நூற்பாலை. இழை நூற்கப் போன பிள்ளைகளின் ஊர் அது. மொழிபெயர்ப்பில் தொலைந்த அந்த நூல், தார் சுற்றும் வீட்டில் கிடைத்தால் கதை யாருடையது என்றே மறந்துபோகும்.

ஆங்கிலம் தெரியாத தாய் இதற்கு உதவ முடியுமா? கற்பனையில் ஒரு திண்ணையை வைத்துக்கொள்வோம். அம்மா தார் சுற்றுகிறாள். பெண் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள்.

“இன்னா கதை, சொல்லு.”

“ஒரு வாத்தியாரும்மா. அன்னைக்கு மட்டும் பச்சைக் கோட்டு, கறுப்புப் பட்டுத் தொப்பி எல்லாம் போட்டுக்கினு வந்தாரு.”

“பட்டா? எதுக்கு, விசேஷமா?”

“விசேஷம் இல்லம்மா. கடைசிப் பாடம். நாளைலேர்ந்து அவங்க பாஷை சொல்லித் தரக் கூடாதாம்.”

“எவன் சொன்னான்?”

“சண்டைல ஜெயிச்சவங்க.”

“அப்ப சாவுக்குப் போற மாதிரி நல்ல துணி கட்டிக்கினு வந்தாரா?”

பெண் கொஞ்சம் யோசிக்கிறாள். “இல்லம்மா. மரியாதைக்கு. பாஷைக்கு மரியாதை.”

ஆசிரியர் ஏன் நல்ல உடை அணிந்து வந்தார் என்பது இந்தக் கதையில் நிச்சயம் வரும் கேள்வி. விடை திண்ணையில் கிடைத்துவிட்டது. அதை ஆங்கிலமாக்கும் வேலைதான் மிச்சம். அம்மா ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசவில்லை. தெரியாதவளாக உட்கார்ந்து கேட்டாள், மறுத்துச் சொல்ல ஒரு தப்பான விடையும் கொடுத்தாள். நன்னூல் சொன்ன அரைப்பங்கு அந்தப் பத்து நிமிடத்தில் நடந்தது. விடை தெரிந்த டியூஷன் ஆசிரியரால் அப்படிக் கேட்க முடியாது. தெரிந்தவர் கேட்டால் அது பரீட்சை.

ஆங்கிலமாக்கும் இடத்தில் ஆள் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. எழுதிய வாக்கியத்தில் காலம் தப்பாக இருக்கும், ‘தி’ விட்டுப்போயிருக்கும். அதைப் பார்த்துச் சொல்ல ஊரில் படித்தவர் வேண்டும். அரசு அதற்கு ஒரு வழி காட்டியது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், தன்னார்வலர்கள் மாலையில் ஒன்றரை மணி நேரம்வரை அவரவர் தெருவிலேயே பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஊர்ப் பெண்ணே திண்ணையில் உட்கார்ந்ததால் பயம் இல்லை, பேருந்துக் கட்டணம் இல்லை. நல்ல யோசனை. ஆனால் அது எட்டாம் வகுப்போடு நின்றது. செயப்பாட்டு வினையும் கிப்ளிங்கும் பொதுத்தேர்வும் ஒன்றாக வந்து அழுத்தும் 9, 10ஆம் வகுப்புப் பிள்ளைகள் அதற்கு வெளியே இருந்தார்கள். கைடு வாங்கத் தொடங்குவது அந்த வயதில்தான்.

ஆரணியிலும் சேத்துப்பட்டிலும் போளூரிலும் பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் தறி வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்பது இதுதான். வாரத்துக்கு இரண்டு மாலை, பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளையோடு உட்காருங்கள். கையில் கைடு வேண்டாம். கதையை முதலில் தமிழில் கேளுங்கள். அது சொல்லி முடித்து எழுதிக் கொண்டுவந்த பிறகு பேனாவை எடுங்கள்.